பாபநாசத்துப் பாறையும் என் ஏழாவது குறிப்பும்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசி மாதக் கடைசியில், பாபநாசத்தில் கோயிலுக்குச் சற்று மேலே தாமிரபரணிக் கரையில் நடந்த சங்கதி இது. அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். திருநெல்வேலியில் ஏறி உட்கார்ந்தால் வெயில் உறைக்கும் முன்னால் மலையடிவாரத்துப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படியிருக்க, ஒருவன் வில்வண்டி கட்டிக்கொண்டு இரண்டு நாள் குலுங்கிக்கொண்டு போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டும். ரயிலில் ஏறினால் அது நிற்கிற இடத்தில் நாம் நிற்க வேண்டும்; வண்டியென்றால் நாம் நிற்கிற இடத்தில் அது நிற்கும். இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவன். கங்கை எங்கே பிறக்கிறது, நைல் எங்கே போய் விழுகிறது என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். கண்ணைத் திறந்துகொண்டு பார்த்த ஆறு ஒன்றே ஒன்றுதான். அதையும் குறுக்குத்துறையில் குளிக்கிற அளவுக்குத்தான் பார்த்திருந்தேன். நாற்பது வயதாகிறது, நம் ஜில்லாவின் மலையையே நாம் இன்னும் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லையே என்று அந்த வருஷம் திடீரென்று ஒரு ரோஷம் வந்துவிட்டது.

ரோஷம் வந்தால் மற்றவர்கள் புறப்படுவார்கள். நான் காகிதத்தை எடுத்தேன்.

இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு பயண ஜாபிதா தயாரித்தேன். சர்வேக்காரச் சிநேகிதர் ஒருவரிடம் படம் இரவல் வாங்கினேன். பேட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாபநாசம், பிறகு வடக்கே திரும்பித் தென்காசி, குற்றாலம் என்று பத்து முழுத்தாள் வந்தது. எந்த மைல்கல்லில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, எந்த மரத்தடியில் இளைப்பாறுவது, எல்லாம் மணி நிமிஷத்தோடு எழுதினேன். உதாரணத்துக்கு இரண்டாம் நாள் சனிக்கிழமையைச் சொல்கிறேன்: 'காலை ஒன்பதே முக்கால், மீனுக்குப் பொரி போடுதல். பத்து, ஆற்று நடுப் பாறையில் கட்டுச்சோறு. பன்னிரண்டு, புறப்பாடு.' தாமிரபரணி இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

கடைசித் தாளில் பொதுக் குறிப்புகள் பன்னிரண்டு. சுக்கு, கடுக்காய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது போன்ற குறிப்புகள்தான். ஆனால் ஏழாவதை மட்டும் முழுசாகச் சொல்லியாக வேண்டும். 'மலையடிவாரத்து ஆட்கள் வழித்துணை வருகிறோம் என்று ஒட்டிக்கொள்ளும்பொருட்டு, வெள்ளம், யானை, புலி என்று பலவாறாக அச்சுறுத்துவர். பொருட்படுத்தற்க.' இது என் சொந்த ஞானம் அல்ல. யாரோ ஒரு வெள்ளைக்கார யாத்திரிகர் எழுதிய புத்தகத்தில் படித்ததைத் தமிழாக்கிச் சேர்த்தது. அவர் எழுதியது சுவிட்சர்லாந்து மலைகளைப் பற்றி. மலை என்றால் மலைதானே என்று நான் நினைத்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் பாளையங்கோட்டைக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அருவியைப் பக்கத்திலிருந்து வரைய வேண்டுமென்று அவருக்கு வெகுநாள் ஆசை. ஜாபிதாவை முழுக்கப் படித்த ஒரே மனிதர் அவர்தான்.

"வே, நானும் வாரேன். உம்ம வண்டி தனி, என் வண்டி தனி. ஆனா இதுல ஒரு நகல் எழுதிக் கொடுத்துரும். என் வீட்டுக்காரியும் பிள்ளையும் வாராவ. வழி தெரியாம முழிக்கப்பிடாது" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மூலத்தைவிட நகல் அழகாக அமைந்தது. அவர் வெள்ளிக்கிழமை கிளம்பி, இரவு அம்பாசமுத்திரத்துப் பக்கம் மாமியார் வீட்டில் தங்கி, சனிக்கிழமை பத்து மணிக்குப் பாறையில் எங்களோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

"உமக்கு நேரமானா?" என்று கேட்டார்.

என் கடிகாரத்தை எடுத்துக் காட்டினேன்.

இப்படி எல்லாம் சித்தமான பிறகு, புதன்கிழமை சாயங்காலம் என் மனைவி சாவகாசமாக ஒரு கேள்வி போட்டாள். "வெள்ளிக்கிழமை மேக்க சூலமாச்சே, பாத்தியளா?"

நான் பார்க்கவில்லை. பத்துத் தாளில் ஒரு இடத்திலும் சூலம் இல்லை. விடுமுறை முடிய எட்டு நாள்தான் இருந்தது; வண்டியும் பேசியாகிவிட்டது. நான் விழிப்பதைப் பார்த்து அவளே வழி சொன்னாள். "பரஸ்தானம் வச்சிருவோம்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முந்தின நல்ல நாளில், நல்ல நேரத்தில், ஒரு சின்ன மூட்டையை மட்டும் போகிற திசையில் தெரிந்தவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் நமக்குச் சௌகரியமான நாளில் போய், வழியில் மூட்டையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். கட்டாத புதுக் கோடி வேட்டி ஒன்று, ஒரு கைப்பிடி அரிசி, நாலு விரல் மஞ்சள், இவ்வளவுதான் மூட்டை. வியாழக்கிழமை காலையில் அது பேட்டையில் எங்கள் உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே சாஸ்திரப்படி நான் வியாழக்கிழமையே யாத்திரை கிளம்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை போனது என் உடம்பு மட்டுமே.

அன்று கடைத்தெருவில் இதை டிராயிங் மாஸ்டரிடம் சொன்னேன். "உமக்குப் பதிலா உம்ம வேட்டி போவுதாக்கும். நல்ல துணைதான், வழியெல்லாம் பூகோளம் பேசாது" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் சிரித்த அந்த முகம்தான், சனிக்கிழமைக்குப் பிறகு வெகுகாலம் நான் பார்க்காத முகம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜாபிதாப்படி இம்மி பிசகாமல் கிளம்பினோம். பிள்ளைகள் இருவரையும் மாமனார் வீட்டில் விட்டிருந்தோம். வண்டியில் நான், மனைவி, வண்டிக்காரர். ஒரு மைலுக்கு எத்தனை நிமிஷம் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு மும்முரம். வெயில் ஏறின பிறகு மனைவி கேட்டாள். "மூட்டைய எடுத்தியளா?"

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "எந்த மூட்டை? பேட்டை தாண்டி ரெண்டு மணி நேரம் ஆச்சே, வாத்தியாரையா."

பேட்டையை எத்தனை மணிக்குக் கடந்தோம் என்று என் குறிப்பில் இருந்தது. அங்கே நிற்க வேண்டும் என்பதுதான் இல்லை.

"போனாப் போகுது, வரும்போது எடுத்துக்கிடுவோம்" என்றேன்.

"நல்லாருக்கே. மூட்டைய அங்கன விட்டா நம்ம பயணம் பேட்டையிலேயே நிக்குன்னுல்லா அர்த்தம். வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

வண்டி திரும்பியது. இரண்டு மணி நேரம் கிழக்கே, இரண்டு மணி நேரம் மறுபடி மேற்கே. அம்பாசமுத்திரத்தில் தங்கியிருக்க வேண்டிய நாங்கள் அன்று சேரன்மகாதேவிச் சத்திரத்தோடு நின்றுவிட்டோம். நான் மனைவியோடு பேசவில்லை. ஒரு வேட்டிக்காகவும் நாலு துண்டு மஞ்சளுக்காகவும் என் பத்துத் தாளும் பாழாய்ப் போயிற்றே என்று உட்கார்ந்து ஒவ்வொரு மணியாக அடித்துத் திருத்தினேன். டிராயிங் மாஸ்டர் பாறையில் காத்துக்கொண்டிருப்பாரே, என்ன நினைப்பார் என்பது ஒன்றுதான் அப்போது எனக்கு இருந்த பெரிய கவலை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். வானம் கழுவி விட்டதுபோல நீலமாக இருந்தது. எதிரே மலை. அதன் உச்சியில் மட்டும் வெள்ளையாக ஒரு சுற்று மேகம்.

"பாரேன், மலை தலைப்பாகை கட்டியிருக்கு" என்று மனைவியிடம் பேச்சை ஆரம்பித்தேன். பேசாமல் இருப்பதும் எத்தனை நேரம்தான் முடியும்.

மனைவி மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். வண்டிக்காரர் சொன்னார். "அது கட்டுச்சுன்னா அவ்வளவு லேசுல அவுக்காது, வாத்தியாரையா."

நன்றாயிருக்கிறதே என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அது என்ன சொல்லுகிறது என்று யோசிக்கவில்லை.

பாபநாசம் சேரும்போது பதினொன்று தாண்டிவிட்டது. கோயிலுக்கு மேலே பாதை குறுகுகிற இடத்தில் வண்டியை அவிழ்த்தோம். ஆற்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். மனைவி மூட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அந்தப் பரஸ்தான மூட்டையை என் கையில் கொடுக்க அவளுக்கு நம்பிக்கை இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஒரு ஆள் ஓடி வந்தார். கிட்டத்தட்ட என் வயது. முழங்காலுக்கு மேலே கட்டின துண்டு, இடுப்பில் வெட்டரிவாள். இரண்டு கையிலும் ஒரு பெரிய பித்தளைத் தூக்குச்சட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க ஓடி வந்தவர் எங்கள் டிராயிங் மாஸ்டர்.

"பிடியும்வே அவன. சோத்தத் தூக்கிட்டு ஓடுதான். விட்டுராதேயும்."

என் ஜன்மத்தில் நான் ஒருவரையும் அடித்தது கிடையாது. பள்ளிக்கூடத்தில்கூடப் பிரம்பை மேஜைமேல்தான் தட்டுவேன். அன்றைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. குடையை மடக்கி, கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி ஓங்கி ஒரு போடு போட்டேன். இடது புருவத்தில் பட்டது. அந்தக் கைப்பிடி வெள்ளிப் பூண் போட்டது. ஆள் சுருண்டு விழுந்தார். விழும்போதும் தூக்குச்சட்டியை விடவில்லை. பைய மண்ணில் இறக்கி வைத்துவிட்டே விழுந்தார். அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"ஏலே, எங்க வந்து கைவரிசை காட்டுத?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சொன்னால் வெட்கம், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. டிராயிங் மாஸ்டர் வந்து ஒரு கையைப் பிடித்தார். நான் ஒரு கையைப் பிடித்தேன்.

புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை, நாங்கள் கையை விட்டால்தானே. "என்னைய அப்புறமா அடிங்க, ஐயா. அங்கன பாறையில அந்த அம்மாவும் பிள்ளையும் இருக்காவ. தண்ணி வருது."

"காலையிலேருந்து இதையேதான் சொல்லுதான். ரெண்டு தடவ வந்து எழும்பு எழும்புன்னான். நான் மசியலைன்னதும் சட்டியத் தூக்கிட்டான். அச்சு அசலா உம்ம ஏழாம் நம்பருவே" என்றார் டிராயிங் மாஸ்டர்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. பதினெட்டு வருஷம் வகுப்பில் கேட்ட குரலில் அவரைக் கேட்டேன். "தண்ணி வருதுன்னா மழை பெய்யணும்லா? மழை எங்க பெய்யுது, சொல்லு பாப்போம்."

அவர் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"மலையில" என்றார்.

வருஷாவருஷம் ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் நான் போர்டில் எழுதிப் போடுகிற முதல் பாடம் அது. மழை மலையில் பெய்கிறது. ஆறு சமவெளியில் ஓடுகிறது. அந்தப் பாடத்தை அந்த மனிதர் ஒரு வார்த்தையில் சொல்லி முடித்தார். அது என் மண்டைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரமும் நான் அவர் கையை விடவில்லை என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பின்னால் வந்து நின்ற என் மனைவிதான் முதலில் சொன்னாள். "அவர விடுங்க. அது என்ன சத்தம்?"

நூறு பார வண்டி ஒன்றாகப் பாலத்தில் ஏறுவதுபோல ஒரு சத்தம். காதில் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலில் தெரிந்தது. டிராயிங் மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிறமெல்லாம் வடிந்து போயிற்று.

நாங்கள் விட்டதுதான் தாமதம், அந்த மனிதர் ஆற்றை நோக்கி ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

கரையில் போய் நின்றபோது நான் பார்த்ததை எப்படிச் சொல்வது. காலையில் டிராயிங் மாஸ்டர் குடும்பம் முழங்கால் தண்ணீரில் கல்மேல் கல்லாகக் கால் வைத்துப் போயிருந்த வழி அங்கே இல்லை. டீத் தண்ணீர் நிறத்தில், நுரையும் சருகும் முறிந்த கிளையுமாக ஆறு சுருட்டிக்கொண்டு போனது. அதன் நடுவே பாறை ஒரு கட்டில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதன்மேல் டிராயிங் மாஸ்டரின் சம்சாரம் ஆறு வயதுப் பெண்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் கத்தவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். வண்ணப்பெட்டி ஒன்று தண்ணீரில் சுழன்று எங்களைத் தாண்டிப் போயிற்று.

என் ஜாபிதாப்படி அந்த நேரத்தில் அந்தப் பாறையில் இருந்திருக்க வேண்டியவர்கள் ஐந்து பேர். என் மனைவி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேளையா இது என்று அவள்தான் உதறிவிட்டாள்.

அந்த மனிதர் மூங்கில் வெட்டுகிறவர். விடியற்காலையில் மேலே போய் வெட்டிக் கொண்டுவந்த கட்டு கரையிலேயே கிடந்தது. அதிலிருந்து இருக்கிறதிலேயே நீளமான ஒரு மூங்கிலை உருவிப் பாறைப் பக்கம் நீட்டினார். அதன் நுனி பாறையின் இடுக்கில் போய்ப் பொருந்தியது. அடிப்பக்கத்தைக் கரையோரத்து மருத மரத்தின் வேருக்குள் செருகினார். அதற்குள் வண்டிக்காரரும் ஓடி வந்துவிட்டார்.

"மூணு பேரும் இத அமுக்கிப் பிடிங்க. நழுவவிட்டா ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். எங்களிடம் அவர் பேசினது அவ்வளவுதான்.

மூங்கிலைக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு அவர் தண்ணீரில் இறங்கினார். நெஞ்சு வரை முங்கியது. கால் தரையில் பாவவில்லை. உடம்பு கொடிபோல ஓட்டத்தின் பக்கம் நீண்டு மிதந்தது. கைமாற்றிக் கைமாற்றிப் போய்ப் பாறையைத் தொட்டார். பிள்ளையைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு அதேபோலத் திரும்பினார். பிள்ளை அவர் தலைமுடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தது. என் மனைவி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிள்ளையை வாங்கினாள்.

இரண்டாம் தடவை அந்த அம்மாளோடு திரும்பும்போதுதான் அது நடந்தது. பாதி வழியில் அவர் தலையை ஒரு பக்கமாக உதறினார். கண்ணில் ரத்தம். மறுபடி உதறினார். அடுத்த கையை மூங்கிலுக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் வைத்தார். இரண்டு தலையும் தண்ணீருக்குள் போயின.

மூங்கில் மட்டும் எங்கள் கையில் வெடவெடவென்று அதிர்ந்தது. நான் எண்ணவில்லை, கடிகாரமும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் டிராயிங் மாஸ்டர் கர்த்தரைக் கூப்பிட்டார். நான் யாரைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. அந்த இடது கண் நான் அடித்து மூடின கண் என்பது ஒன்றுதான் நினைவிருக்கிறது.

முதலில் அந்த அம்மாளின் கை வெளியே வந்தது. அது மூங்கிலைப் பிடித்திருந்தது. மற்றக் கையால் அவர் அந்த மனிதரின் இடுப்புத் துண்டைப் பிடித்திருந்தார். யார் யாரைக் கரைசேர்த்தார்கள் என்று சொல்ல முடியாதபடி இரண்டு பேரும் வந்து வேரில் விழுந்தார்கள். நாங்கள் மூங்கிலை விட்டதும் அது துரும்புபோல எகிறிப் போயிற்று. திரும்பிப் பார்த்தால் பாறை இல்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் மேடாக உருண்டு ஓடியது.

டிராயிங் மாஸ்டர் மண்ணில் உட்கார்ந்து மனைவியின் ஈரப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மீன் ஒண்ணுகூட பொரியத் தொடலை. அப்பவே பிள்ளை கேட்டுது, மீனெல்லாம் எங்கம்மான்னு" என்று அந்த அம்மாள் இரண்டு தடவை சொன்னார், யாரிடமும் இல்லாமல். நான் குடையைத் தேடினேன், எதற்கென்று தெரியவில்லை.

என் மனைவி பரஸ்தான மூட்டையை அவிழ்த்தாள். மஞ்சளைக் கல்லில் உரசிக் குழைத்து அந்த மனிதரின் புருவத்தில் அப்பினாள். கோடி வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். எனக்குப் பதிலாகப் பயணம் புறப்பட்ட வேட்டி, என்னைவிட உருப்படியாக ஒரு காரியம் செய்தது.

"எதுக்கு, அண்ணாச்சி, சட்டியத் தூக்குனீங்க?" என்று கேட்டேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் ஏலே, இப்போது அண்ணாச்சி. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சொல்லிப் பாத்தேன், கேக்கலை. சோத்தத் தூக்குனா குடும்பத்தோட பின்னால வருவாவன்னு நெனச்சேன். ஐயா மட்டும் வந்துட்டாவ. அம்மா வரலை" என்றார். பிறகு பாதைப் பக்கம் பார்த்து, "அது சிந்தலையே?" என்றார்.

சிந்தவில்லை. வண்டிக்காரர் போய் எடுத்து வந்தார். புளிச்சோறு. பிள்ளை பசி என்றது. தேக்கிலை பறித்து அதில் வைத்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவரும் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவினபிறகு அவர் டிராயிங் மாஸ்டரைப் பார்த்து, "காலையில ஒரு காயிதத்தக் காட்டி, இதுல அப்பவே எழுதியிருக்குன்னு சொன்னியளே. அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

டிராயிங் மாஸ்டர் மடியிலிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். பாதி நனைந்திருந்தது. ஏழாவது குறிப்பு நனையவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். என்னென்னவோ பொய் தோன்றியது. நான் படித்த அத்தனை புத்தகமும் அந்த நேரத்தில் எனக்குப் பொய்தான் எடுத்துக் கொடுத்தன.

"வாசிங்க" என்றாள் என் மனைவி.

வாசித்தேன். வகுப்பில் பையன்கள் தப்பாகப் படித்துவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதுபோலத் தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். பொருட்படுத்தற்க என்றால் என்ன என்று அவர் கேட்டார். யார் சொன்னாலும் கேட்காதே என்று அர்த்தம் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கு. இங்கன அப்படியும் ஆளு உண்டு" என்றார். எழுந்து, மிச்ச மூங்கிலைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கண்ணோடு பைய நடந்து போனார். பேர் என்ன என்று நான் கேட்கவில்லை. அடிக்கும்போதும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த மாதம் அதற்காகவே ஒருமுறை போய் விசாரித்தேன். மூங்கில் வெட்டுகிறவர்கள் அங்கே நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள். புருவத்தில் தழும்பு உள்ளவர் என்று அடையாளம் சொன்னேன். எப்படி வந்த தழும்பு என்று அவர்கள் கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

தென்காசியும் குற்றாலமும் தாளோடு நின்றன. அன்று சாயங்காலம் எல்லாருமாக அம்பாசமுத்திரத்தில் ரயிலேறி ஊருக்கு வந்து சேர்ந்தோம். டிராயிங் மாஸ்டர் இன்னும் என் சிநேகிதர்தான். அருவியை மட்டும் அவர் வரைவதில்லை. பரஸ்தானம்தான் நம்மைக் காப்பாற்றியது என்று என் மனைவி சொல்லவில்லை. நான் மறந்ததுதான் காப்பாற்றியது என்று நானும் சொல்வதில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் டிராயிங் மாஸ்டர் வீட்டுப் பிள்ளை எந்தக் கணக்கில் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கும் நான் ஜாபிதா எழுதுகிறவன்தான். எழுதும்போது ஏழு என்று எண்ணைப் போட்டு அதற்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரியாததை யாராவது என்னிடம் சொல்ல வந்தால், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்னால், என் கையில் குடை இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.